ஒரே கடை, ஒரே பருப்பு, இரண்டு விலை



கொஞ்சம் நீளமான பதிவு இது. "பெரியம்மா, சுருக்கமா எழுதுங்க" என்று போன முறை கமென்ட் போட்ட என் தங்கை மகன் மன்னிக்கணும். விஷயம் உன் அம்மா வீட்டில்தான் தொடங்கியது. அதனால் நீ படித்தே ஆக வேண்டும்.

போன மாதம் செங்கல்பட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அவள் மளிகை வாங்கக் கிளம்ப, நானும் கூடப் போனேன். எங்கள் பொத்தேரியில் இருக்கும் அதே சங்கிலிக் கடையின் இன்னொரு கிளை அது. அதே போர்டு, பணியாளர்களுக்கு அதே நிறச் சட்டை, உள்ளே நுழைந்ததும் அதே பாட்டு. வந்ததுதான் வந்தோம் என்று நானும் ஐந்து சாமான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பில்லைக் குளிர்பெட்டியின் மேல் வைக்கப் போனேன். அங்கே மூன்று நாள் முன்பு பொத்தேரிக் கிளையில் வாங்கிய பில் இருந்தது. பழைய வணிகவியல் டீச்சர் அல்லவா, இரண்டு பில் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

துவரம்பருப்பு ஒரு கிலோ: பொத்தேரியில் 178, செங்கல்பட்டில் 164.
சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர்: 165, 152.
சலவைத்தூள் ஒரு கிலோ: 140, 129.
குளியல் சோப்பு நாலு கொண்ட கட்டு: 160, 152.
உப்பு ஒரு கிலோ: இரண்டு இடத்திலும் 28.

மொத்தம் பொத்தேரியில் 671 ரூபாய். செங்கல்பட்டில் 625. ஐந்து சாமானுக்கு 46 ரூபாய் வித்தியாசம். அதே கம்பெனி, அதே எடை. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் அச்சடித்த எம்ஆர்பியும் ஒன்றேதான்.

மறுநாள் காலை இரண்டு பில்லையும் எடுத்துக்கொண்டு பொத்தேரிக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருபது இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி. என் பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பில்களை அவள் முன்னால் வைத்து, "என்னம்மா இது, அங்க ஒரு விலை, இங்க ஒரு விலையா? படிச்சவங்களையே இப்படி ஏமாத்துறீங்களே" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். "டீச்சர், சிஸ்டத்துல என்ன விலை வருதோ அதத்தான் நான் போட முடியும். மாத்த எனக்கு அதிகாரம் இல்ல டீச்சர்" என்றாள். நான் விடவில்லை. இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். அவை என்ன என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அடுத்தவருக்கு பில் போட ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். உங்கள் சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்தப் பொண்ணா விலை வெச்சா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படியானால் யார் விலை வைத்தது? எதை வைத்து? 31 வருடம் கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட சூத்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். அடக்க விலை கூட்டல் இலாபம் சமம் விற்பனை விலை. அந்தச் சூத்திரப்படி பார்த்தால் இரண்டு கிளைக்கும் அடக்க விலை வேறு வேறாக இருக்க வேண்டும். வாடகை, லாரிக் கூலி, கரண்ட் பில் இதெல்லாம் கூடக் குறைய இருக்கும் என்று நினைத்தேன்.

என்னிடம் படித்த ஒருவன் இப்போது வேறொரு சங்கிலி நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறான். பெயர் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குப் போன் போட்டு இரண்டு பில்லையும் படித்துக் காட்டினேன். சிரித்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "டீச்சர், பொத்தேரிலேர்ந்து நடந்து போற தூரத்துல உங்களுக்கு எத்தன கடை இருக்கு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. சார் முழங்கால் வலியால் வண்டி ஓட்டுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. நான் எந்தக் காலத்திலும் வண்டி ஓட்டியதில்லை. நடந்து போய்ச் சாமான் தூக்கி வரக்கூடிய பெரிய கடை எனக்கு ஒன்றே ஒன்றுதான்.

"அதான் டீச்சர் விலை" என்றான்.

அவன் விளக்கியதை என் பாணியில் சொல்கிறேன்.

பெரிய சங்கிலிகள் பலவும் கிளைகளை நாலைந்து குழுவாகப் பிரித்து வைத்திருக்கும். சுற்றுவட்டாரத்தில் போட்டிக் கடை நிறைய இருந்தால் ஒரு குழு, போட்டி இல்லாவிட்டால் இன்னொரு குழு. பக்கத்துக் கடைகளில் என்ன விலை என்று பார்த்து வரவே ஆள் உண்டு. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை போன்றவற்றின் விலை எல்லா வீட்டிலும் மனப்பாடம். போட்டி இருக்கும் ஊரில் இவற்றை இறக்கி வைப்பார்கள். "அந்தக் கடையில் விலை குறைவு" என்ற பேச்சு இந்த நாலு சாமானால்தான் உண்டாகிறது. ஊறுகாய், பல் துலக்கி, மசாலாப் பொடி விலையெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? குறைத்ததை அங்கே மெதுவாக எடுத்துக்கொள்வார்கள். போட்டி இல்லாத ஊரில் பருப்பையும் இறக்க வேண்டிய அவசியமில்லை.

வாடகையும் கரண்ட்டும் காரணமே இல்லையா என்று கேட்டேன். உண்டு என்றான். சின்னக் கடைக்குச் செலவு விகிதம் அதிகம். ஒரே லாரியில் முழு லோடு இறக்கும் கடைக்கும் பத்துப் பெட்டி இறக்கும் கடைக்கும் கூலிக் கணக்கு மாறும். சில கிளைகள் கம்பெனியின் சொந்தக் கடை, சில உரிமம் வாங்கி வேறொருவர் நடத்துவது. அதிலும் விலை மாறலாம். கெடு தேதி நெருங்கும் சரக்கு எங்கே தேங்கியிருக்கிறதோ அங்கே தள்ளுபடி வரும். இதெல்லாம் நியாயமான காரணங்கள். நான் மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கடைக்குச் சரக்கு வரும் கிடங்கு சென்னைப் பக்கம் இருக்கிறது. லாரி ஜிஎஸ்டி சாலையில் தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி தாண்டி எங்கள் ஊர் வாசலைக் கடந்து, பிறகு மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாகத்தான் செங்கல்பட்டு போகிறது. அதிக தூரம் போன பருப்பு 14 ரூபாய் மலிவாக விற்கிறது. லாரிக் கூலிதான் காரணம் என்றால் விலை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

செங்கல்பட்டு பழைய ஊர். கடைத்தெரு இருக்கிறது, மூன்று தலைமுறையாக நடக்கும் மளிகைக் கடைகள் இருக்கின்றன, புதிய பல்பொருள் அங்காடிகளும் இருக்கின்றன. தங்கைக்குப் பருப்பு விலை பிடிக்கவில்லை என்றால் தெருவைத் தாண்டி அடுத்த கடைக்குப் போவாள். அவள் போவாள் என்று கம்பெனிக்குத் தெரியும்.

பொத்தேரி அப்படியில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே எஸ்ஆர்எம் பல்கலைக்கழகம். சுற்றிலும் விடுதிகள், வாடகை அறைகள், புதிய அடுக்குமாடிகள். பத்து ரூபாய் பிஸ்கட்டும் நூடுல்ஸும் வாங்கும் வெளியூர்ப் பிள்ளை எந்தக் கடையில் எவ்வளவு என்று ஒப்பிட மாட்டான். அவன் மூன்று நாலு வருடத்தில் ஊரைவிட்டே போய்விடுவான். எங்களைப் போன்ற வயதானவர்கள் ஒப்பிட்டாலும் வேறு கடைக்குப் போக முடியாது. கட்டட வேலைக்கு வந்த வெளி மாநிலத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு.

நகர முடியாதவனுக்கு ஏற்றிய விலை, நகரக்கூடியவனுக்கு இறக்கிய விலை. அடக்க விலையும் இலாபமும் மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுத்த என் சூத்திரத்தில் விட்டுப்போனது இதுதான்.

இது சட்டவிரோதமா என்று பலர் கேட்பீர்கள். இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே குழம்பித்தான் அந்தப் பெண்ணைத் திட்டினேன்.

எம்ஆர்பி என்பது அதிகபட்ச சில்லறை விலை. 1990க்கு முன்னால் பல பொட்டலங்களில் ஒரு விலையைப் போட்டு "உள்ளூர் வரி தனி" என்று அச்சடித்திருப்பார்கள். அந்த வரி எவ்வளவு என்று கடைக்காரர் சொன்னதே கணக்கு. அதற்குப் பிறகுதான் எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலையை அச்சடிக்க வேண்டும் என்ற விதி வந்தது. இன்று 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் அதைச் சொல்கின்றன. அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட விற்கக் கூடாது. கீழே எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம். நம் பருப்பின் எம்ஆர்பி 195. செங்கல்பட்டின் 164ம் சட்டப்படி சரி, பொத்தேரியின் 178ம் சரி. முழு 195க்கே விற்றாலும் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இன்னொரு தந்திரம் முன்பு நடந்தது. ஒரே தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தெருக்கடையில் ஒரு எம்ஆர்பி, விமான நிலையத்திலும் மால்களிலும் வேறொரு எம்ஆர்பி என்று இரண்டு விதமாக அச்சடித்தார்கள். நியாயமற்ற வணிக முறையாக அப்படி ஒரே பொருளுக்கு இரண்டு எம்ஆர்பி போடக் கூடாது என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குச் சில வாரம் முன்பு, 2017 டிசம்பரில், ஓட்டல்களும் உணவகங்களும் எம்ஆர்பிக்கு மேல் தண்ணீர்ப் பாட்டில் விற்கலாம், அங்கே விற்பது பாட்டில் மட்டுமல்ல, உட்காரும் இடமும் சேவையும் சேர்த்துத்தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே மாமல்லபுரத்தில் கடல் பார்க்கும் உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீருக்கு அவர்கள் கேட்பது ஒரு விலை. வெளியே வந்து பெட்டிக்கடையில் அதே பாட்டில் கேட்டால் எம்ஆர்பிக்கு மேல் அவர் கேட்கக் கூடாது. கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஆக, மேலே கூரை போட்டிருக்கிறார்கள். கூரைக்குக் கீழே யாருக்கு எந்த உயரம் என்பது கடையின் விருப்பம்.

அப்படியானால் எல்லா ஊரிலும் ஒரே விலை வைக்கச் சட்டம் போட்டால் என்ன? கோபத்தில் இருந்த முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே விலைக்கு நல்ல உதாரணங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. ரேஷன் கடை விலை கன்னியாகுமரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஒன்று. ரயில் நிலையத்தில் விற்கும் ரயில் நீர் ஆலைகளில் ஒன்று, செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் பாதையில் பாலூரில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அதன் ஒரு லிட்டர் பாட்டில் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாய் ஆனது. ஆலைக்குப் பக்கத்து நிலையமானாலும் தூரத்து நிலையமானாலும் அதே 14தான். பயணிக்கு எவ்வளவு நிம்மதி!

ஆனால் ஆழமாகப் பார்த்தால் ஒரே விலைக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது. பிளஸ் டூவில் சொல்லிக்கொடுத்தது யாருக்காவது நினைவிருக்கிறதா? சரக்குக் கட்டணச் சமநிலைக் கொள்கை. 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை எஃகு போன்ற பொருட்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கும்படி மத்திய அரசு போக்குவரத்துச் செலவைச் சமன் செய்தது. நம்மைப் போல் தூரத்தில் இருந்த தெற்கும் மேற்கும் லாபமடைந்தன. இரும்பும் நிலக்கரியும் காலடியில் வைத்திருந்த பீகாரும் ஒடிசாவும் வங்காளமும் தங்களுக்கு இருந்த ஒரே அனுகூலத்தை இழந்தன. எல்லோருக்கும் ஒரே விலை என்பது கேட்க நன்றாக இருக்கும். அதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே பாடம். டெல்லவின்யா, ஜென்ட்ஸ்கோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அங்கே உள்ள சங்கிலிக் கடைகளின் விலைகளை ஆராய்ந்து 2019ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலான சங்கிலிகள் பணக்காரர் வாழும் பகுதியிலும் ஏழைகள் வாழும் பகுதியிலும் ஏறக்குறைய ஒரே விலைதான் வைக்கின்றன என்று கண்டார்கள். கேட்க நியாயம் போல இருக்கிறதா? அந்தந்தப் பகுதிக்குத் தக்கபடி வைத்திருந்தால் ஏழைப் பகுதியில் விலை இன்னும் குறைந்திருக்கும், ஒரே விலையால் ஏழைகளுக்குத்தான் நஷ்டம் என்பது அவர்கள் கணக்கு.

அதனால் ஒரே விலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏழைப் பகுதிக்காக விலை இறங்குமானால் எனக்கு மகிழ்ச்சிதான். போக வழியில்லாதவன் தலையில் ஏற்றும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் போட்டி ஆணையம் அங்குள்ள பெரிய பல்பொருள் அங்காடிகளை விசாரித்தபோது, சில சங்கிலிகள் உள்ளூர்ப் போட்டியைப் பார்த்துக் கிளைக்குக் கிளை விலையை மாற்றுகின்றன, போட்டி குறைந்த இடத்து மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் குறை சொன்னது. பொத்தேரிக்காரி நான் சொல்வதும் அதுவே.

இனி என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன்.

இந்தச் சங்கிலிக் கடை எங்கள் ஊரில் திறந்தபோது வாசலில் வாழை மரம் கட்டி, முதல் மாதம் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பெரிய தள்ளுபடி கொடுத்தார்கள். அதுவரை நாங்கள் அண்ணாச்சி கடையில்தான் வாங்கினோம். பருப்பைப் பொட்டலம் கட்டி, பேப்பரில் கணக்கு எழுதி, பையன் கையில் வீட்டுக்கே கொடுத்து அனுப்புவார். சம்பளம் தாமதமான மாதங்களில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏசி, தள்ளுவண்டி, தள்ளுபடி என்று நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். என்னைப் போல எத்தனையோ பேர். ஒன்றரை வருடத்தில் அண்ணாச்சி கடையை மூடிவிட்டு மகனோடு ஊருக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு இங்கே தள்ளுபடிப் பலகைகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவே இல்லை.

செங்கல்பட்டில் என் தங்கைக்கு மிச்சமான 46 ரூபாயை அந்தக் கம்பெனி கருணையால் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. தெருவில் இன்னும் விளக்கெரியும் மளிகைக் கடைகள் கொடுத்தது அது. அந்தக் கடைகளில் என் தங்கை ஒரு பொட்டலம்கூட வாங்காமல் இருக்கலாம். அவை திறந்திருப்பதே அவளுக்கு லாபம். என் ஊரில் அந்த விளக்கை அணைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அண்ணாச்சி கடையில் எல்லாம் மலிவு என்று பொய் சொல்ல மாட்டேன். பல சாமான் அங்கே விலை அதிகமாகவே இருந்தது. எடையில் ஒருமுறை நானே சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அவர் அங்கே இருந்தவரை பெரிய கடைக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு என்று வணிகவியல் டீச்சருக்கே தெரியாமல் போயிற்று.

சரி, என்ன செய்யலாம்? புலம்பிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுப் பாடம் கொடுக்காமல் வகுப்பை முடித்ததில்லை.

முதலில் கடைகளும் அரசும் செய்ய வேண்டியது. ஒவ்வொரு சங்கிலிக் கடையும் ஒவ்வொரு கிளையின் விலையையும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும். இது ஆகாத காரியம் இல்லை. இஸ்ரேலில் விலைவாசிக்கு எதிரான பெரிய போராட்டங்களுக்குப் பிறகு 2014ல் சட்டம் போட்டு, 2015 மே முதல் பெரிய உணவுச் சங்கிலிகள் கிளைவாரியாக விலைகளை வெளியிட வேண்டும் என்று ஆக்கினார்கள். அதை ஆராய்ந்த அறிஞர்கள், விலைகள் 4 முதல் 5 சதவீதம் குறைந்தன, கடைக்குக் கடை இருந்த வித்தியாசமும் வெகுவாகச் சுருங்கியது என்று கண்டார்கள். யாரும் விலையைக் கட்டுப்படுத்தவில்லை. வெளிச்சம் மட்டும் போட்டார்கள். சிங்கப்பூரிலும் நுகர்வோர் சங்கம் 2019ல் பிரைஸ் காக்கி என்ற செயலியைக் கொண்டுவந்தது. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் பயன்படுத்தியிருப்பீர்கள். எந்தக் கடையில் எந்தச் சாமான் என்ன விலை என்று வீட்டிலிருந்தே ஒப்பிடலாம். நம் நாட்டில் ஒவ்வொரு கிளையின் விலையும் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. கல்லாவில் இருந்த அந்தப் பெண்ணுக்குத் திரையில் தெரிந்த அதே விலைதான். அதை நமக்கும் காட்டச் சொல்கிறேன், அவ்வளவே.

அடுத்து நாம் செய்ய வேண்டியது. பொட்டலங்களில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் அலகு விலையும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு கிராமுக்கு, ஒரு கிலோவுக்கு, ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு. பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். சின்னப் பொட்டலம், பெரிய பொட்டலம், "20 சதவீதம் கூடுதல்" என்ற ஆரவாரம் எல்லாம் அந்த ஒரு எண்ணில் அடங்கிவிடும்.

மூன்றாவது, பில்லைக் கசக்கிப் போடாதீர்கள். எங்கள் அடுக்குமாடியில் ஆறு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு தொடங்கியிருக்கிறோம். கூடுவாஞ்சேரிக்கோ மறைமலைநகருக்கோ செங்கல்பட்டுக்கோ யார் போனாலும் பத்துச் சாமானின் விலையைக் குறித்துப் போட வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டு பேர் ஆட்டோ பிடித்துப் போய் ஆறு வீட்டுக்கும் எண்ணெயும் பருப்பும் வாங்கி வருகிறார்கள். ஒருத்தி 46 ரூபாய்க்காகச் செங்கல்பட்டு போனால் பைத்தியக்காரத்தனம். ஆறு வீட்டுக்குச் சேர்த்துப் போனால் ஆட்டோக் காசு போகவும் மிஞ்சுகிறது. போன வாரம் விடுதிப் பிள்ளைகள் இருவர் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்று கேட்டார்கள். சேர்த்துக்கொண்டோம்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். உங்கள் தெருவில் சின்ன மளிகைக் கடை இன்னும் திறந்திருந்தால், மாதச் சாமானில் கொஞ்சமாவது அங்கே வாங்குங்கள். இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். அந்தக் கடை மூடிய பிறகு உங்கள் பில்லில் ஏறப்போகும் தொகையை நான் என் பில்லில் பார்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது.

போன் பேசிய மறுநாள் காலை கடை திறந்த உடனே போனேன். அந்தப் பெண் அப்போதுதான் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "நேத்து நான் பேசினது தப்பும்மா. உன்மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன். ஒரு நிமிடம் அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு, "பரவால்ல டீச்சர். தினமும் யாராவது கேப்பாங்க. யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல" என்றாள்.

தினமும் யாராவது. இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எங்கோ ஒரு அலுவலகத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவர் கிளைகளைக் குழு குழுவாகப் பிரிக்கிறார். அவர் முகம் நமக்குத் தெரியாது. அவர் வைத்த விலைக்குத் திட்டு வாங்குவது நாள் முழுக்க நின்று வேலை செய்யும் இந்தப் பிள்ளைகள். நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பெண்கள் இப்படிக் கல்லாவில் நிற்கிறார்கள்! நேற்று வரிசையில் நின்று அதைப் பார்த்தவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால்தான் இத்தனை பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். நீங்களும் கேள்வி கேளுங்கள், கண்டிப்பாகக் கேளுங்கள். கம்பெனியின் புகார் எண்ணுக்கு எழுதுங்கள், மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கல்லாவில் நிற்கும் பிள்ளையிடம் மட்டும் குரலை உயர்த்தாதீர்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு திருத்தம். உங்கள் பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். அடக்க விலை கூட்டல் இலாபம் சமம் விற்பனை விலை. அந்த இலாபம் எவ்வளவு என்பது வாங்குபவருக்குப் பக்கத்தில் வேறு கடை உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. இதை 31 வருடம் சொல்லிக்கொடுக்காமல் விட்டதற்கு இந்த டீச்சரை மன்னியுங்கள்.

வீட்டுப் பாடம்: அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் ஊரில் ஒரே சங்கிலிக் கடையின் இரண்டு கிளைகளில் துவரம்பருப்பு, எண்ணெய், சலவைத்தூள் விலை பார்த்து இங்கே கமென்டில் எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம். ஊர்ப் பெயரும் விலையும் போதும். துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் பிள்ளைகளும் எழுதலாம். பக்கத்தில் எத்தனை கடை இருக்கிறது என்பதையும் மறக்காமல் குறியுங்கள். நான் அட்டவணை போட்டுத் தருகிறேன்.

எப்போதும் உங்கள் நலம் விரும்பும்
டீச்சர்
பொத்தேரி